பல ஆண்டு வார்டு வேலைக்குப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 2003இல் ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் பிரசவம் பார்க்கும் தாதிமையும் சேர்ந்த பட்டயப் படிப்பு) முடித்து, 18 ஆண்டுகள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் களியக்காவிளைக்கு அப்பால் திருவனந்தபுரத்திலும் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிவிட்டு, 2021இல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் வகுப்பில் மாணவியாகச் சேர்ந்தேன். படித்து முடித்த பிறகு, மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கங்களில் என்னோடு பணியாற்றிய சிஸ்டர்மார் ஒரே வகையான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

போஸ்ட் பேசிக் என்பது என்ன? நேரடியாக நான்காண்டு பி.எஸ்சி.யில் சேரக் கூடாதா?

ஜி.என்.எம். பட்டயம் பெற்று, நர்சாகவும் தாதியாகவும் பதிவு செய்துகொண்டவர்கள் இளநிலைப் பட்டம் பெறுவதற்காகவே வகுக்கப்பட்ட இரண்டாண்டுப் படிப்பு இது. நான்காண்டு பி.எஸ்சி. என்பது பள்ளிப் படிப்பை முடித்து வருபவர்களுக்கானது. அதில் ஜி.என்.எம். முடித்தவர்களை இடையில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேர்த்துக்கொள்ளும் வழி கிடையாது. பொறியியல் படிப்பில் பட்டயக்காரர்கள் இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்களே என்று பலரும் ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். நம் துறையில் அதற்குச் சமமான வழி போஸ்ட் பேசிக் மட்டுமே. ஏற்கெனவே மூன்று அல்லது மூன்றரை ஆண்டு படித்துவிட்ட ஒருவர் மறுபடியும் நான்காண்டு செலவிடுவதில் பொருளும் இல்லை.

நான் சேரத் தகுதி உள்ளவளா?

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி மேல்நிலைத் தேர்விலோ அதற்கு இணையான தேர்விலோ தேறியிருக்க வேண்டும், ஜி.என்.எம். முடித்திருக்க வேண்டும்; மாநிலச் செவிலியர் குழுமத்தில் ஆர்.என்.ஆர்.எம். (நர்ஸ், தாதி என்ற இரண்டுக்குமான) பதிவு இருக்க வேண்டும். உடல் தகுதியும் வேண்டும். 1986இலோ அதற்கு முன்போ பத்தும் ஒன்றும் (பத்தாம் வகுப்புக்குப் பின் ஓராண்டு) என்ற அமைப்பில் படித்தவர்களுக்கும் விதியில் இடமுண்டு. ஆனால் அந்தத் தலைமுறை சிஸ்டர்மாரில் பெரும்பாலோர் இப்போது ஓய்வில் இருக்கிறார்கள்.

பலர் இடறுவது கல்வித் தகுதியில் அல்ல, பதிவில்தான். பதிவு என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அன்று. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டு ஏழெட்டு ஆண்டு வீட்டிலிருந்தவர்களும், வளைகுடா நாடுகளில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களும் காலாவதியான பதிவோடு விண்ணப்பிக்க வந்து, கடைசி நேரத்தில் சென்னைக்கு அலைவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே கல்லூரியைத் தேடுவதற்கு முன் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் உங்கள் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு பள்ளிச் சான்றிதழ், ஜி.என்.எம். சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், ஆதார் ஆகிய நான்கிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்றும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கும், ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் பள்ளிப் பெயர் ஒன்றுமாக இருப்பவர்களுக்கும் நம் மாவட்டத்தில் இது சிறிய தொல்லை அன்று.

ஆண் செவிலியர்கள் சேரலாமா?

சேரலாம். தாதிமைப் பாடம் ஆண்களுக்கும் பொதுவாக்கப்படுவதற்கு முந்தைய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் மட்டும், அதற்கு ஈடாக அறுவை அரங்கு நுட்பம், மனநலம், கண், தொழுநோய், காசநோய், புற்றுநோய், எலும்பியல் போன்ற துறைகளுள் ஒன்றில் அதே கால அளவுக்குக் கவுன்சில் ஏற்ற பயிற்சி பெற்றதற்கான சான்று காட்ட வேண்டும்.

நான் ஜி.என்.எம். படித்தது வெளிமாநிலத்தில். தமிழ்நாட்டில் சேர முடியுமா?

நம் மாவட்டத்தில் ஒரு காலத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்கும் ஆந்திரத்துக்கும் போய் ஜி.என்.எம். படித்தார்கள் என்று சொன்னால் அது சற்றே மிகையாகத்தான் இருக்கும். அத்தகையவர்களும் சேரலாம், ஆனால் இரண்டு வேலைகள் கூடுதலாக உண்டு. முதலாவது, நீங்கள் பதிவு செய்திருக்கும் மாநிலக் குழுமத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெற்றுத் தமிழ்நாட்டுக் குழுமத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். இரண்டுக்கும் நீங்கள் படித்த பள்ளியிலிருந்தும் அந்த மாநிலத் தேர்வு வாரியத்திலிருந்தும் கடிதங்கள் தேவைப்படலாம். அந்தப் பள்ளி இன்னும் இயங்குகிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் புற்றீசல் போல் முளைத்த பள்ளிகளில் சில இன்று இல்லை. இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு ஆறு மாதம் ஒதுக்கி வைப்பது நல்லது.

18 ஆண்டு வேலை தெரிந்த எனக்கு இந்தப் பட்டம் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டம் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யாதவர்கள், இரண்டு ஆண்டு ஊதியத்தை இழந்து, முன்பு இருந்த அதே வார்டுக்கு அதைவிடச் சில ஆயிரம் கூடுதல் சம்பளத்தில் திரும்புகிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் பட்டத்துக்கென்று கொடுக்கப்படும் கூடுதல் தொகை பெரும்பாலும் மிகச் சிறியது. சில இடங்களில் அதுவும் கிடையாது.

கதவுகள் என்று நான் சொல்பவை இவை. ஆசிரியப் பணிக்குப் போக வேண்டுமானால் பட்டம் இல்லாமல் முடியாது. நர்சிங் பள்ளியிலோ கல்லூரியிலோ டியூட்டராக (தொடக்க நிலை ஆசிரியராக) சேரக் குறைந்தது பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பட்டமும் பணி அனுபவமும் வேண்டும். நர்சிங் சூப்பிரண்டு போன்ற நிர்வாகப் பொறுப்புகளுக்குப் பெரிய மருத்துவமனைகள் பட்டதாரிகளையே தேடுகின்றன. வெளிநாட்டைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. சவூதி அரேபியாவில் பட்டயம் மட்டும் உள்ளவரை டெக்னீஷியன் என்ற நிலையிலும் பட்டதாரியை ஸ்பெஷலிஸ்ட் என்ற நிலையிலும் வகைப்படுத்துகிறார்கள். ஊதியமும் அதைப் பொறுத்தே அமைகிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வெளியிடும் அறிவிப்புகளில் எந்த நாட்டுக்கு எந்தத் தகுதி கேட்கிறார்கள் என்பதைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்தாலே உங்களுக்குப் பட்டம் தேவையா, அல்லது மொழித் தேர்வு ஒன்றே போதுமா என்பது விளங்கும். ஜெர்மனிக்குப் போக விரும்பும் ஒருவர் அந்த இரண்டு ஆண்டை ஜெர்மன் மொழிக்குச் செலவிடுவது சில வேளைகளில் அதிகப் பயன் தரும்.

என்னுடைய நோக்கம் கற்பிப்பது. இரவுப் பணி என் முழங்காலுக்கும் கண்ணுக்கும் ஒத்துவராமல் போனது அதற்கு முதற்காரணம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா?

முறையான கல்லூரியில் முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வெழுத அனுமதி உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும் இதில் தளர்வு இல்லை. செய்முறைப் பயிற்சியைப் பொறுத்தவரை பட்டம் வழங்கப்படுவதற்கு முன் 100 விழுக்காடும் நிறைவு செய்திருக்க வேண்டும். விட்டுப்போன நாட்களைப் பின்னர் ஈடுகட்டியே தீர வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, உறவினர் வீட்டுக் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக நாள் எடுத்தால் மீதமிருக்கும் 20 விழுக்காடு சீக்கிரமே தீர்ந்துவிடும்.

"வருகை பற்றிக் கவலைப்பட வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லி வெளிமாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் முகவர்கள் வடசேரிப் பேருந்து நிலையம் வரைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் கட்டாதீர்கள். முறைகேடு வெளிப்படும் நாளில் கூடுதல் தகுதியைப் பதிவு செய்ய மறுக்கப்படும். வெளிநாட்டு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் நீங்கள் ஒரே காலத்தில் ஓர் ஊரில் வேலை பார்த்ததாகவும் மற்றோர் ஊரில் முழுநேரம் படித்ததாகவும் காட்டும் இரண்டு கடிதங்கள் ஒன்றையொன்று பொய்யாக்கும். 15 ஆண்டு நேர்மையாக உழைத்துச் சேர்த்த அனுபவச் சான்றிதழும் அத்தோடு சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பணியை விட இயலாதவர்களுக்கு முறையான மாற்று ஒன்று உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியிலிருக்கும் பதிவு பெற்ற செவிலியர்களுக்கென்றே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை மூன்றாண்டுப் படிப்பாக நடத்துகிறது. மேல்நிலைக் கல்வியும் ஜி.என்.எம்.மும் உள்ளவர்களுக்குப் பதிவுக்குப் பின் பணி அனுபவமும், பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் அனுபவமும் கேட்கிறார்கள். தொலைநிலை என்ற பெயரைக் கேட்டு எளிது என்று எண்ண வேண்டாம். அதிலும் செய்முறைப் பயிற்சிக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

விண்ணப்பிப்பது எப்படி?

அரசுக் கல்லூரிகளின் இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்னையிலுள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு இணையவழியில் விண்ணப்பம் பெற்றுத் தரவரிசைப்படி கலந்தாய்வு நடத்துகிறது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கல்லூரியையே அணுக வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர்கள் துறை வழியாக விண்ணப்பிக்கும் முறை வேறு என்பதால், அவர்கள் விளக்கக் குறிப்பேட்டின் (பிராஸ்பெக்டஸ்) அந்தப் பகுதியைத் தனியாகப் படித்துக்கொள்வது அவசியம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு இணைந்த மருத்துவமனையைப் பாருங்கள். எத்தனை படுக்கைகள், எத்தனை பிரசவங்கள், குழந்தைகள் பிரிவு உண்டா, மனநலப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். வேலை அனுபவம் உள்ள உங்களுக்கு ஒரு வார்டை ஒரு நோட்டம் விட்டாலே அது பயிற்சிக்கு உகந்ததா என்று தெரிந்துவிடும். அந்தக் கண்ணைப் பயன்படுத்துங்கள். இந்த விஷயத்தில் நம் மாவட்டம் கொடுத்து வைத்தது. 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கம் மருத்துவப் பணி தொடங்கியதிலிருந்து, எவரெஸ்ட் ஏறப் போய்ப் பின்னர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்தப் பகுதியில் கழித்த டாக்டர் சோமர்வெல் வரையிலான ஒரு நீண்ட மரபும், வடசேரியில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் மருத்துவமனையும், ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கே உண்டு. பயிற்சிக்கு நோயாளிகள் இல்லாத ஊர் என்று குமரியைச் சொல்ல முடியாது.

என் மூலச் சான்றிதழ்களை மருத்துவமனை வைத்திருக்கிறது. என்ன செய்வது?

எனக்கும் இது நேர்ந்தது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், சேரும்போது வாங்கி வைத்த மூலச் சான்றிதழ்களை, ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். ஓராண்டுச் சேர்க்கை அதனால் கைநழுவிப் போயிற்று. வேலைக்குச் சேர்ந்தவரின் மூலச் சான்றிதழைப் பணயப் பொருளாக வைத்துக்கொள்ளும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். நகலில் தேதியோடு ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. நான் வாய்மொழியாகவே கெஞ்சிக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்த தவறு. படிக்கப் போகிறேன் என்பதை முன்கூட்டியே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, அறிவிப்புக் காலத்தை முறையாக முடித்து, அனுபவச் சான்றிதழையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். பின்னால் எம்.எஸ்சி.க்கும் டியூட்டர் வேலைக்கும் அந்தக் கடிதம் தேவைப்படும்.

இரண்டு ஆண்டு சம்பளமில்லாமல் எப்படிச் சமாளிப்பது?

கல்லூரிக் கட்டணத்தை மட்டும் கணக்குப் போடுபவர்கள் பாதி வழியில் திணறுகிறார்கள். கட்டணத்தோடு சேர்ந்து, வராமல் போகும் 24 மாதச் சம்பளமும் செலவுதான். என் கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழை பிடித்துவிட்டால் அந்த வருமானம் நின்றுவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற நம் மாவட்டத்தில் இது எவ்வளவு நாட்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கட்டணத் தவணை வரும் மாதங்களையும் வெட்டு நிற்கும் மாதங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு எவ்வளவு கடன் வேண்டும் என்பது தெரிந்தது. எடுத்து வைத்திருந்த சீட்டு ஒன்று முதலாண்டைத் தாங்கியது. இரண்டாம் ஆண்டுக்கு வங்கிக் கடன்.

கல்விக் கடனில் பொதுவாக 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். முடிந்தால் வட்டியையாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

இன்னொன்றை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ராஜினாமா செய்தாலும், ஆண்டுக்கு 15 நாள் ஊதியக் கணக்கில் பணிக்கொடை உண்டு. நான்கரை ஆண்டு முடித்தவர் சேர்க்கையை ஓராண்டு தள்ளி வைத்தால் அந்தத் தொகை கைக்கு வரும். வருங்கால வைப்பு நிதியை முழுவதும் எடுத்துவிட வேண்டாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

என்னென்ன பாடங்கள்?

முதலாண்டில் செவிலியத்தின் அடிப்படைகள், சத்துணவியல், உயிர்வேதியியலும் உயிர்இயற்பியலும், உளவியல், நுண்ணுயிரியல், மருத்துவ அறுவைச் செவிலியம், தாய்நலம், குழந்தைநலம், ஆங்கிலம். இரண்டாமாண்டில் சமூகவியல், சமுதாய நலச் செவிலியம், மனநலச் செவிலியம், கற்பித்தல், நிர்வாகம், ஆய்வும் புள்ளியியலும். வகுப்பிலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. உயிர்வேதியியல்தான் பலரையும் அச்சுறுத்துகிறது; பள்ளியில் அறிவியல் பிரிவு படிக்காதவர்கள் சேர்வதற்கு முன்பே பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. இரண்டாமாண்டின் புள்ளியியல், அஞ்சிய அளவுக்குக் கடினம் அன்று.

என் அனுபவம் படிப்புக்கு உதவுமா?

உதவும், அதே அளவுக்குத் தடையாகவும் நிற்கும். இந்த இரண்டாவது பகுதியைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உதவுவதை முதலில் சொல்கிறேன். அறுவைக்குப் பின் படுத்திருக்கும் ஒருவர் காரணமின்றிப் புரண்டு புரண்டு படுக்கிறார், போர்வையை இழுக்கிறார், கை சில்லென்று இருக்கிறது என்றால், இரத்த அழுத்தம் சரியாகக் காட்டினாலும் "இந்தக் கேஸ் சரியில்லை" என்று அனுபவமுள்ள சிஸ்டர் டாக்டரை அழைத்துவிடுவார். அது நம் கைக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடலுக்குள் இரத்தம் குறையத் தொடங்கும்போது தோலின் நாளங்கள் சுருங்கி, நாடி விரைந்து, இதயத்துக்கும் மூளைக்கும் போகும் இரத்தத்தை உடல் எப்படியோ காப்பாற்றிக்கொள்வதால் அழுத்தம் கடைசியில்தான் விழுகிறது. அதற்கு முன்பே நாடியும் தோலும் சிறுநீரின் அளவும் செய்தி சொல்லிவிடுகின்றன. இதை வகுப்பில் கேட்டபோது, பல ஆண்டுகளாக நான் செய்துகொண்டிருந்த ஒன்றுக்குக் காரணம் கிடைத்த மகிழ்ச்சி ஏற்பட்டது. 22 வயதுப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது எனக்கு எட்டாம் கட்டில் நோயாளி ஒருவர் நினைவுக்கு வந்தார்.

இனித் தடை. நான் 2003இல் படித்தபோது நின்றுபோன இதயத்தை மீட்கும் இதய உயிர்ப்பிப்பில் (சி.பி.ஆர்.) 15 நெஞ்சழுத்தத்துக்கு 2 மூச்சு. 2005இல் அது 30க்கு 2 ஆனது. 2010இல் மூச்சுப்பாதையை முதலில் பார்ப்பது என்ற வரிசையே மாறி, பெரியவர்களுக்கு நெஞ்சழுத்தம் முதலில் என்று ஆனது. இதெல்லாம் எனக்குச் செய்தியாகத் தெரியும். ஆனால் நான் இருந்த வார்டில் ஐ.சி.யூ. குழு ஓடி வந்துவிடும், நான் மருந்து ஏற்றும் கையாகவே நின்றிருக்கிறேன். பயிற்சிக் கூடத்தில் பொம்மையின் முன் மண்டியிட்டபோது 15இல் என் கை தானாக நின்றது. மூன்று முறையும் நின்றது. புதிதாகக் கற்ற பிள்ளைகளுக்கு 30 வரை போவதில் சிரமமே இல்லை.

பிரசவ அறையிலும் இப்படித்தான். குழந்தை வெளியே வந்த உடனேயே தொப்புள்கொடியைக் கவ்வி வெட்டுவதுதான் சுறுசுறுப்பு என்று பழகிய கை, ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை காத்திருக்க மறுக்கிறது. தலைப்பிரசவம் என்றால் பெண்ணுறுப்பில் வெட்டுப் போடுவது வழக்கமாகவே இருந்தது. அதை எல்லோருக்கும் செய்வதை உலகச் சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை. கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்ததும் தீவிரப் பிரசவ நிலை தொடங்குகிறது என்று நாங்கள் படித்தோம். 2020இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புதிய பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியில் அது 5 செ.மீ. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டபோது நான் சற்றும் தயங்காமல் 4 என்றேன். அந்தத் தயங்காமைதான் பிழை. தெரியாத ஒன்றைக் கேட்டால் புத்தகத்தைப் புரட்டுவோம், நன்றாகத் தெரிந்தது என்று எண்ணும் ஒன்றைப் புரட்டுவதே இல்லை. ஆகவே உங்களுக்கு மிகவும் கைவந்த பிரிவு எதுவோ, அந்தப் பாடத்தைத்தான் முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும்.

பராமரிப்புத் திட்டம் எழுதுவதையும் இங்கே சேர்க்கலாம். நர்சிங் டயக்னோசிஸ் என்ற இடத்தில் நான் "நிமோனியா" என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையால் அடித்தார். அது மருத்துவர் கண்டறிந்த நோய். செவிலியர் எழுத வேண்டியது, "கெட்டியான சளியை வெளியேற்ற இயலாததால் மூச்சுப்பாதை தெளிவாக இல்லை" என்பது போல நோயாளியின் நிலையை. அப்படி எழுதினால்தான் அடுத்த வரியில் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது தானாக வந்து நிற்கும். எத்தனையோ ஆண்டு டாக்டர் எழுதிய ஆர்டரைப் பார்த்து வேலை செய்த பழக்கம் எனக்கு அந்த ஒரு சொல்லில் வெளிப்பட்டுவிட்டது.

வார்டுப் பயிற்சியில் மாணவியாக நிற்பது சிரமமாக இருக்குமா?

இருக்கும். நம்மைவிடப் பத்து வயது இளைய பெண் அங்கே சார்ஜ் சிஸ்டராக இருப்பார். நம்மை "ஸ்டூடண்ட்" என்று அழைப்பார். அதற்குப் பழகிக்கொள்ளலாம். பழகக் கடினமானது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. முதல் மாதத்தில் ஒரு நாள், ஒரு பாட்டியின் கையில் டிரிப் வெளியே கசிந்து வீங்கியிருப்பதைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் ஊசியை எடுத்துவிட்டு வேறு நரம்பில் போட்டுவிட்டேன். முதல் குத்திலேயே விழுந்தது. வார்டு சிஸ்டர் கடுமையாகக் கோபித்தார். எனக்கு அப்போது அவமானமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதே சரி. மேற்பார்வை இல்லாமல் மாணவி செய்த செயலுக்குப் பொறுப்பு யாருடைய கையொப்பத்தில் விழும் என்பதை 18 ஆண்டு கையொப்பம் போட்ட நான் அறியாதவள் அல்ல. அதன்பின், எதைப் பார்த்தாலும் முதலில் சொல்வேன், அனுமதி கிடைத்தால் செய்வேன்.

வகுப்பில் ஆசிரியை வயதில் இளையவராக இருந்தாலும் "மேடம்" என்றே அழையுங்கள். சக மாணவிகள் உங்களை "அக்கா" என்பார்கள். அந்த அக்கா உறவு இருபுறமும் பயன் தரும். நான் அவர்களுக்கு நரம்பு தேடச் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் எனக்குக் கணினியில் வகுப்புப் படங்கள் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆங்கிலத்தில் எழுதுவது வருமா என்று பயமாக இருக்கிறது.

ஆங்கிலத்தைவிடக் கைதான் முதலில் தோற்கிறது. வார்டில் நாம் எழுதுவது அரை வரிகள். தேர்விலோ மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத வேண்டும். முதல் மாதிரித் தேர்வில் ஒன்றரை மணி நேரத்துக்குள் என் விரல்கள் மரத்துவிட்டன. தெரிந்த இரண்டு கேள்விகளை விட்டுவிட்டு வந்தேன். சேர்வதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே நாள்தோறும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கம், பிறகு இரண்டு பக்கம் என்று எழுதிப் பழகுங்கள். கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மொழியைப் பொறுத்தவரை, கேஸ் ஷீட்டில் ஆங்கிலம் படித்தே வளர்ந்த நமக்குச் சொற்கள் தெரியும். முழு வாக்கியம் அமைப்பதற்கு மட்டும் பயிற்சி வேண்டும்.

வீட்டில் ஒப்புக்கொள்வார்களா?

அது அவரவர் வீடு. எங்கள் வீட்டில் மாமியார் மறுத்தார், பிறகு அவரேதான் காலையில் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக்கொடுத்தார். பயணத்தை மட்டும் சொல்கிறேன். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்றாலும், காலை ஏழரை மணிக்கு வார்டில் சீருடையோடு நிற்க வேண்டுமானால் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை ஒரு மழை நாளில் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விடுதியில் தங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அந்த ஒரு நாள் பயணம் பதில் சொல்லிவிடும்.

இதற்குப் பிறகு எம்.எஸ்சி. படிக்கலாமா?

படிக்கலாம். பட்டப் படிப்பில் மொத்தத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். போஸ்ட் பேசிக் முடித்தவர்களுக்கு அந்த அனுபவம் படிப்புக்கு முன் பெற்றதாக இருந்தாலும் ஏற்கப்படும் என்பதால், நம்மைப் போன்றவர்கள் இடையில் காத்திருக்க வேண்டியதில்லை. 50 விழுக்காட்டில் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்று முதலாண்டில் மெத்தனமாக இருந்தவர்கள் பின்னர் வருந்துவது இந்த 55க்காகத்தான்.

முடித்த உடனே செய்ய வேண்டியது என்ன?

தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும், கூடுதல் தகுதியாக அதைத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யுங்கள். பட்டமளிப்பு விழா வரட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம். என்னோடு முடித்த ஒருவருக்கு டியூட்டர் வேலைக்கான நேர்காணல் இரண்டே வாரத்தில் வந்தது. பதிவு இல்லாததால் அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.